மரை சேராத நட்டுகள்: ஒரே ஜாவா எல்லா செல்போனிலும் ஏன் ஓடவில்லை?

2007-இல் ஈரோடு மேட்டூர் சாலையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிய இடத்தில் நடந்த செல்போன் கடையில் வேலை பார்த்தேன். ரீசார்ஜ் கூப்பன், பேட்டரி, உறை விற்பது போக, பாட்டும் விளையாட்டும் ஏற்றித் தருவதில்தான் கடைக்கு நல்ல காசு. ஒரு நாள் சிவகிரிப் பக்கத்திலிருந்து மஞ்சள் விவசாயி ஒருவர் வந்தார். மொடக்குறிச்சியில் இருக்கும் மச்சானிடம் நோக்கியா 6600 இருக்கிறது, அதில் கார்ப் பந்தயமும் தமிழ் நாள்காட்டியும் ஓடுகின்றன, அவை இரண்டும் தனக்கும் வேண்டும் என்று தன்னுடைய நோக்கியா 3100-ஐ மேசைமேல் வைத்தார்.

முடியாது என்றேன். பந்தயம் ஏறவே ஏறாது. நாள்காட்டி ஏறினாலும் பாதித் தேதிகள் திரைக்கு வெளியே போய்விடும்.

"ஏனுங்க தம்பி, இரண்டும் நோக்கியாதானுங்களே? இதிலும் ஜாவா இருக்கிறது என்று சொல்லித்தானே விற்றார்கள்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மாடல் வேறு என்று முனகி அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். மென்பொருள் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதால், கோவை கணபதியிலிருந்து தொடங்குகிறேன்.

கணபதியில் என் மாமா லேத் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கே எடுபிடியாக நிற்பேன். அங்கு முதலில் கற்றது மரை, அதாவது போல்டிலும் நட்டிலும் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் வரி. பழைய இங்கிலாந்து இயந்திரங்களோடு வந்த விட்வொர்த் கணக்கில், அரை அங்குல போல்டுக்கு ஓர் அங்குல நீளத்தில் 12 மரை. மெட்ரிக் கணக்கில், 12 மில்லிமீட்டர் போல்டுக்கு ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.75 மில்லிமீட்டர் இடைவெளி. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். மேசைமேல் இரண்டையும் போட்டால் கண் தெரிந்தவரும் ஏமாந்துபோவார். அரை அங்குல நட்டை 12 மில்லிமீட்டர் போல்டில் மாட்டினால் முதல் ஓரிரு சுற்று சமர்த்தாக இறங்கும். பிறகு நின்றுவிடும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். நட்டு எடுத்து வா என்று மாமா ஒருபோதும் சொன்னதில்லை. எந்த மரையில், எத்தனை அங்குலத்தில் என்றும் சேர்த்தே சொல்வார்.

"ஜாவா இருக்கிறதா?" என்பது மரையைச் சொல்லாமல் நட்டைக் கேட்கிற கேள்வி. அந்தக் காலத்துப் போன்களில் பலவற்றில் ஜாவா இருந்தது. எந்த மரை என்பதில்தான் எல்லாச் சங்கடமும்.

செல்போனுக்குள் மென்பொருள் அடுக்கடுக்காக இருக்கிறது. அடியில் சில்லு, திரை, விசைகள் என்று கையால் தொடக்கூடிய பொருள்கள். அவற்றை வேலை வாங்குவது இயங்குதளம். அதன்மேல் சில போன்களில் ஜாவா போன்ற ஓர் இடைத்தளம். அதற்கும் மேலேதான் நாம் ஏற்றுகிற விளையாட்டோ நாள்காட்டியோ உட்காருகிறது. அந்த விளையாட்டுக்குக் கீழே உள்ள அத்தனையையும் சேர்த்துத் தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேலைக்குப் பல தளங்கள், ஒவ்வொரு தளத்துக்குள்ளும் பல பதிப்புகள், ஒரே பதிப்புக்குள் மாடலுக்கு மாடல் வேறுபாடு என்று பிரிந்து கிடப்பதற்குத் தளச் சிதறல் என்று பெயர். ஆதரவு என்ற சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒரு மென்பொருள் ஒரு போனை ஆதரிக்கிறது என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தப் போனில் அதை ஓட்டிப் பார்த்து, கோளாறு இருந்தால் சரிசெய்து, ஓடும் என்று பொறுப்பேற்றிருக்கிறார் என்று பொருள். அது ஆள் கூலி, நாள் கணக்கு. கூலி நின்றால் ஆதரவும் நின்றுவிடும். வாட்ஸ்அப் நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளப் போன்களை 2017 ஜூன் 30 அன்றும், அவற்றைவிட எளிய எஸ்40 வகைப் போன்களை 2018 டிசம்பர் 31 அன்றும் கைவிட்டது. அந்தப் போன்கள் ஒரே இரவில் கெட்டுப்போகவில்லை. அவற்றுக்காக உட்கார ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

சிதறல் எல்லோரையும் வாட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2000-இல் வந்த நோக்கியா 3310-இன் திரையில் 84 புள்ளி அகலம், 48 புள்ளி உயரம். 2003-இல் வந்த 1100 உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. இரண்டிலும் வெளியிலிருந்து எந்த மென்பொருளையும் ஏற்ற முடியாது. பாம்பு விளையாட்டு கூடவே வந்தது. 1100-இல் டார்ச்சும் இருந்தது. நடு இரவில் மூன்று முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த டார்ச்சுக்கு மேல் ஒரு மென்பொருளும் வேண்டியிருக்கவில்லை. சங்கடம் தொடங்கியது போனில் எதையாவது ஏற்றலாம் என்று ஆன பிறகுதான்.

அப்படி ஏற்றுவதற்கான பெரிய வழியாக வந்தது செல்போன் ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவாவை விற்ற முழக்கமே "ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு" என்பது. கணினியில் அது ஓரளவு உண்மையானது. செல்போனின் நினைவகம் சின்னது, சில்லு மெதுவானது என்பதால் ஜாவாவை வெட்டிச் சுருக்கி 2000-இல் இரண்டு விதித்தொகுப்புகளை வெளியிட்டார்கள். சிஎல்டிசி என்பது மொழியின் அடிப்படை: எண், எழுத்து, கணக்கு. எம்ஐடிபி என்பது போனோடு பேசும் பகுதி: திரை, விசை, சேமிப்பு. 2002-இல் எம்ஐடிபி 2.0 வந்தது. 2003-இல் சிஎல்டிசி 1.1 வந்தது. கோப்புகளைத் திறக்க ஒரு கூடுதல் விதி, புளூடூத்துக்கு ஒன்று, ஒலிக்கும் கேமராவுக்கும் ஒன்று, முப்பரிமாணப் படத்துக்கு ஒன்று என்று உபரித் தொகுப்புகள் தனித்தனியாக வந்தன. எதைப் போனில் சேர்ப்பது, எதை விடுவது என்பது போன் செய்பவரின் விருப்பம். பெட்டியின்மேல் எல்லோரும் அச்சிட்டது ஒரே சொல்: ஜாவா.

சிவகிரிக்காரரின் 3100-இல் இருந்தது எம்ஐடிபி 1.0. மச்சானின் 6600-இல் 2.0. முதல் பதிப்பில் திரை முழுவதையும் ஒரு விளையாட்டு எடுத்துக்கொள்ள முடியாது. மேலே தலைப்புப் பட்டை நின்றுகொண்டே இருக்கும். ஒலிக்கும் வழியில்லை. இந்தக் குறையைத் தீர்க்க நோக்கியா தன் போன்களுக்கு மட்டும் முழுத்திரைக்கும் ஒலிக்கும் சொந்த வசதிகளைச் சேர்த்தது. உடனே ஒரு புது வம்பு முளைத்தது. நோக்கியாவின் வசதியை நம்பி எழுதிய விளையாட்டு மற்ற நிறுவனப் போன்களில் தொடக்கத்திலேயே படுத்துவிடும். ஒரு பள்ளத்தை மூடப் பக்கத்தில் மண் எடுத்து, அங்கே இன்னொரு பள்ளம் விழுந்த கதை.

அவரை அனுப்பிய மறுநாள் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி ஐந்து பத்தி கோடு போட்டேன். மாடல், திரை, ஜாவா, கோப்பு அளவு, விசை எண். கடைக்கு வரும் ஒவ்வொரு புது மாடலையும் அதில் எழுதினேன். இந்தக் கட்டுரையின் மீதிப் பாதி அந்த நோட்டிலிருந்துதான்.

திரைப் பத்தி: 3100-க்கு 128-க்கு 128. 6600-க்கு 176-க்கு 208. 6230ஐ-க்கு 208-க்கு 208. மோட்டோரோலா ரேசர் வி3-க்கு 176-க்கு 220. நோக்கியா என்73-க்கு 240-க்கு 320. முதலாவதில் மொத்தம் 16,384 புள்ளிகள். கடைசியில் 76,800. நான்கரை மடங்குக்கு மேல். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் 80 சைஸ் வெட்டுமாதிரியை 95-க்கு ஏற்றுவது கட்டிங் மாஸ்டருக்கு அன்றாட வேலை. ஆனால் நெஞ்சில் அச்சடித்த படத்தை அதே வாக்கில் இழுக்க முடியாது, படம் கோணலாகிவிடும். போனிலும் அப்படித்தான். எழுத்தையும் பட்டியலையும் திரைக்குத் தக்கபடி மடக்கிவிடலாம். கார், சாலை, மரம் எல்லாம் புள்ளி புள்ளியாக வரைந்த படங்கள். ஒவ்வொரு திரைக்கும் மறுபடி வரைய வேண்டும். சதுரத் திரையும் நீளத் திரையும் கலந்து கிடந்ததால், சாலையின் வளைவு எங்கே கண்ணில் பட வேண்டும் என்பதையே மாற்ற வேண்டியிருந்தது.

விசை எண் பத்திதான் எனக்கு மிகவும் எரிச்சல் ஊட்டியது. திரைக்கு அடியில் இடமும் வலமும் இரண்டு விசைகள் இருக்குமே, "தேர்ந்தெடு", "பின்செல்" என்று. அவற்றை அழுத்தினால் போன் விளையாட்டுக்கு ஓர் எண்ணைச் சொல்லும். நோக்கியாவில் அவை -6, -7. சீமென்ஸில் -1, -4. மோட்டோரோலாவில் -21, -22. எண் விசைகளுக்கும் மேல், கீழ், சுடு என்ற திசை விசைகளுக்கும் பொது விதி இருந்தது. தினம் நூறு முறை அழுத்துகிற இந்த இரண்டுக்கு இல்லை. ஆகவே விளையாட்டு முதலில் போனிடம் "நீ எந்தக் கம்பெனி?" என்று கேட்டு, அதற்குத் தக்கபடி எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்டால் சில போன்கள் கம்பெனிப் பெயரைச் சொல்லும், சில உருப்படியாக ஒன்றும் சொல்லாது.

கோப்பு அளவுப் பத்தி சின்னது. 3100-ஐப் போன்ற நோக்கியாவின் தொடக்க கால எஸ்40 போன்களில் ஒரு ஜாவா விளையாட்டு 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றே அதைவிடப் பெரியது. மச்சானின் பந்தயம் 3100-இல் ஏறாது என்று நான் உடனே சொன்னபோது மனதில் இருந்த காரணம் இந்த அளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று பின்னால் வரும்.

ஜாவாப் பத்திக்குள் ஒளிந்திருந்த கண்ணிவெடி ஒன்று என் காலிலேயே வெடித்தது. அப்போது மாலை வகுப்பில் ஜாவா படித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கெழுதும் அண்ணன் ஒருவர், எடையையும் குவிண்டால் விலையையும் அடித்தால் மூட்டைக்கு எவ்வளவு என்று காட்டும் சின்ன மென்பொருள் கேட்டார். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை என்பதால் கால்குலேட்டரில் மாற்றி மாற்றி அடித்துக் கை சலித்துவிட்டதாம். அவரிடம் இருந்ததும் 6600. ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். கணினியில் இருந்த மாதிரிப் போனில் அழகாக ஓடியது. அவருடைய போன் அதை நிறுவவே மறுத்துவிட்டது.

காரணம் இதுதான். 2003-இல் வந்த அந்தப் பெரிய போனில் இருந்தது சிஎல்டிசி 1.0. அந்தப் பதிப்பின் ஜாவாவுக்குத் தசமப் புள்ளி தெரியாது! அரை, கால், முக்கால் எதுவும் தெரியாது. முழு எண் மட்டும். நானோ 64.5 கிலோ என்று தசமம் போட்டு எழுதியிருந்தேன். பிற்பாடு வந்த, அதைவிட விலை குறைந்த போன்களில் 1.1 இருந்தது, தசமமும் இருந்தது. விலை கூடின போனில் வசதி கூடுதலாக இருக்கும் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

சரி, எல்லாவற்றையும் சிற்றலகில் வைத்துவிடலாம் என்று கிலோவைக் கிராமாக்கினேன், ரூபாயைக் காசாக்கினேன். எடை 64.5 கிலோ, விலை குவிண்டாலுக்கு 6,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 4,128 ரூபாய் வர வேண்டும். என் மென்பொருள் 64,500 கிராமை 6,40,000 காசால் பெருக்கி, பிறகு குவிண்டாலின் ஒரு லட்சம் கிராமால் வகுக்கும். பெருக்கல் தொகை 4,128 கோடி. நான் பயன்படுத்திய எண் வகை ஏறக்குறைய 214 கோடி வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் கிலோமீட்டர் மீட்டர் சுற்றி வருவதுபோல எண் சுற்றிக்கொண்டு கழித்தல் பக்கம் போய்விடும். திரையில் வந்த விடை: -166.96. அதாவது ஒரு மூட்டை மஞ்சளைக் கொடுத்துவிட்டு, விவசாயியே மேற்கொண்டு 166 ரூபாய் 96 காசு தர வேண்டும். மண்டி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று சிரித்தார். அடுத்த பெரிய எண் வகைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்தப் பிழை முழுக்க என்னுடையது. ஆனால் தசமம் இருந்திருந்தால் அந்தச் சந்துக்குள் நான் போயிருக்கவே மாட்டேன். சிதறலின் குணம் இது. ஒரு போனின் குறையைச் சுற்றிக்கொண்டு போக எழுதுகிற வழியில் புதுப் பிழைகள் குடியேறும்.

தமிழுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். கொங்கு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது ஆறு குறிகள்: க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. போனுக்குத் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் ஆறு வெற்றுக் கட்டங்கள் வரும். எழுத்துரு இருந்தாலும் போதாது. ஒகரக் குறியைப் பிளந்து, கொம்பைக் க-வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும். புள்ளியை ங-வின் தலையில் ஏற்ற வேண்டும். க-வையும் உகரத்தையும் சேர்த்துக் கு என்ற தனி வடிவமாக்க வேண்டும். கு, சு, டு, து என்று உகரம் ஒவ்வொரு மெய்யிலும் வேறு உருவம் எடுக்கும் என்பது நமக்குப் பால்பாடம். இயங்குதளத்துக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால்தானே தெரியும்? பல போன்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவற்றில் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் என்று சொல் உதிர்ந்து கிடக்கும்.

அதனால் தமிழ் மென்பொருள் எழுதியவர்கள் போனின் எழுத்தை நம்பாமல், எழுத்துகளைப் படமாகத் தாங்களே வரைந்து கூடவே கொண்டு போனார்கள். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-இல் சிங்கப்பூரில் வெளியாகி, போனிலேயே தமிழில் குறுஞ்செய்தி எழுத வழி செய்தது. நாள்காட்டிகளும் இந்தப் படவழியில்தான் வந்தன. ஆனால் படம் வரைந்துகொண்டு போனால் கோப்பு பருக்கும், மேலே சொன்ன 64 கிலோபைட் கழுத்தைப் பிடிக்கும். 176-க்கு 208 திரைக்கு வரைந்த ஐப்பசி மாதம் 128-க்கு 128-இல் வெள்ளி, சனியையும் கடைசி வாரங்களையும் வெளியே தள்ளும். சிவகிரிக்காரரிடம் நான் சொன்ன "பாதித் தேதிகள் வெளியே போய்விடும்" என்பது இதுதான்.

இதுவரை சொன்னது ஜாவா மட்டும். 6600-க்கு ஜாவாவைத் தவிர சிம்பியன் என்ற இயங்குதளமும் இருந்தது. 1998-இல் சையான், நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு. நேரடியாக அதற்கே எழுதிய விளையாட்டுகள் வேகமாக ஓடின. மச்சானின் பந்தயம் அந்த வகை. 3100-இல் சிம்பியனே கிடையாது. ஆகவே அந்தக் கோப்பு அதற்குக் கன்னட பஸ்ஸின் பலகை மாதிரி, படிக்கவே தெரியாது.

சிம்பியன் போன்கள் எல்லாமாவது தங்களுக்குள் ஒத்துப்போயினவா? இல்லை. நோக்கியா அதன்மேல் எஸ்60 என்ற முகப்பைப் போட்டது. சோனி எரிக்சனின் பி800, பி900 போன்றவை பேனாவால் தொடுகிற யுஐக்யூ முகப்பைப் போட்டன. நோக்கியாவே தன் கம்யூனிகேட்டர் போன்களுக்கு எஸ்80 என்று இன்னொன்றை வைத்திருந்தது. ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றில் ஏறாது. எஸ்60-க்குள்ளேயே 2006 வாக்கில் பெரிய வெட்டு விழுந்தது. மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய சிம்பியன் கோப்புகள் எதுவும் புதுப் போன்களில் ஏறவில்லை. 6600-இல் ஓடியதை வாடிக்கையாளர் ஆசையாக என்73-க்குக் கொண்டுவந்தால் கையை விரிப்போம்.

அந்த வெட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. 2004-இல் கபீர் என்ற புழு (தானே பரவும் கெட்ட மென்பொருள்) எஸ்60 போன்களில் புளூடூத் வழியாகப் பரவியது. இனிமேல் யார் எழுதியது என்று சான்றிதழ் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்று சிம்பியன் முடிவெடுத்தது. நல்ல முடிவுதான். ஆனால் சான்றிதழுக்குக் காலக்கெடு இருந்தது. கெடு முடிந்த கோப்பை ஏற்றப் போனால் "சான்றிதழ் காலாவதி" என்று திட்டும். கடைக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து போனின் தேதியைப் பின்னே தள்ளுவது. ஓராண்டு பின்னால் வை, ஏற்று, மறுபடி முன்னால் வை. நான் இப்படி ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தேதியைத் திருப்பி வைக்க மறந்து, தேதி குறித்து வைத்த அலாரம் அடிக்கும் என்று ஒருவர் வீணாகக் காத்திருந்ததும் உண்டு.

சிடிஎம்ஏ என்ற வேறு வகை அலைவரிசை நுட்பத்தில் ஓடிய போன்கள் வந்தால் எங்களுக்கு வேலையே இல்லை. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குப் போன் கொடுத்த பிறகு விசைத்தறிக்காரர்கள் பலர் கையிலும் அது வந்துவிட்டது. உலகெங்கும் சிடிஎம்ஏ போன்களில் பெயர் பெற்ற பிரூ என்ற தளம் குவால்காம் நிறுவனத்துடையது. அதில் மென்பொருள் கையெழுத்து வாங்கி, சேவை நிறுவனத்தின் வழியாகத்தான் வர வேண்டும். கடையில் கேபிள் மாட்டி ஏற்றுகிற பேச்சுக்கே இடமில்லை. பிளாக்பெர்ரி, விண்டோஸ் மொபைல், பாம் என்று இன்னும் மூன்று தனி உலகங்கள் இருந்தன. ஈரோட்டில் அவற்றை ஏற்றுமதிக்காரர்கள் கையில் எப்போதாவது பார்ப்போம். சைனா செட் என்று நாங்கள் அழைத்த போன்கள் வந்தபோது, நோட்டில் ஜாவாப் பத்தியில் "இருக்கும், ஓடாது" என்றே எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு குழப்பத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் தடுத்து நிறுத்த யாருக்கும் அவசியம் இருக்கவில்லை என்பது என் எண்ணம். போன் கம்பெனிக்குப் போன் விற்றால் போதும். ஒவ்வொரு மாடலுக்கும் தனிக் குழு, தனிச் சில்லு, தனிச் செலவுக் கணக்கு. நினைவகம் விலை கூடிய பொருள் என்பதால், உபரி விதிகளில் ஒன்றை விட்டால் காசு மிச்சம். மென்பொருள் ஓடவில்லை என்று வாடிக்கையாளர் திட்டுவது போன் கம்பெனியை அல்ல, எழுதியவனையும் ஏற்றித் தந்த கடைக்காரனையும். பெரிய விளையாட்டு நிறுவனங்கள் ஒரே விளையாட்டை நூற்றுக்கணக்கான வடிவங்களில் வெளியிட்டன. அதற்கென்றே ஆள் வைத்து, அலமாரி நிறையப் போன்களை வாங்கி அடுக்கி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தன. மஞ்சள் கணக்கு எழுதுகிறவனிடம் அலமாரி ஏது? ஜாவாவின் முழக்கத்தை மென்பொருள்காரர்கள் "ஒருமுறை எழுது, எங்கும் பிழை திருத்து" என்று கேலியாக மாற்றிச் சொன்னார்கள். கேலியில் அலுப்பு மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, கொஞ்சம் அழுகையும் இருந்தது.

இந்தக் காட்டில் ஒழுங்காக வழி கண்டுபிடித்தது ஓபரா மினி. 2006 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் வந்தது. அது ஒரு ஜாவா மென்பொருள்தான். ஆனால் இணையப் பக்கத்தைப் போன் நேரடியாக வாங்குவதில்லை. எங்கோ இருக்கும் ஓபராவின் கணினி பக்கத்தை வாங்கி, சுருக்கி, அடுக்கி, சமைத்த சோறாக அனுப்பும். போன் அதை இலையில் பரிமாறினால் போதும். கடினமான வேலை ஒரே இடத்தில் நடப்பதால், போனில் உள்ள பகுதி சின்னதாக இருக்கலாம். சின்னதாக இருந்தால் எந்த மரையிலும் ஏறும்.

அதில் தமிழனுக்கும் ஒரு கதவு இருந்தது. முகவரி எழுதும் இடத்தில் ஓபரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அமைப்புப் பட்டியல் திறக்கும். கடைசி வரிசைகளில் ஒன்று, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று கேட்கும். ஆம் என்று வைத்துச் சேமித்தால், அதன்பிறகு தமிழ்ப் பக்கங்களின் எழுத்தை ஓபராவின் கணினியே வரைந்து படமாக அனுப்பிவிடும். கொம்பும் புள்ளியும் தம் இடத்தில் நிற்கும். அதை வாய்மொழியாகவே ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினோம். என் மேசைக்கு வந்த எத்தனையோ போன்களில், கேட்காமலே அதை மாற்றி வைத்து அனுப்பியிருக்கிறேன். தமிழ்ச் செய்தித் தளம் ஒன்று முதல்முறையாக ஒழுங்காகத் திறந்ததைப் பார்த்து, கோபியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே முழுச் செய்தியையும் படித்து முடித்தார். பின்னால் வரிசை நின்றது.

சிவகிரிக்காரருக்கும் அதே காலத்தில் ஒரு முடிவு கிடைத்தது. மச்சான் என்73 வாங்கியபோது, பழைய 6600-ஐ இவருக்குக் கொடுத்துவிட்டார். கார்ப் பந்தயம், நாள்காட்டி எல்லாம் அதோடேயே வந்துவிட்டன. இப்போது என்73-இல் பந்தயம் ஏறவில்லை என்று மச்சான் கடைக்கு வந்து நின்றார்.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பதிவு 2010-இன் இறுதியில். ஆண்ட்ராய்டு 2.1 போட்ட ஒரு சாம்சங். திரைப் பத்தியில் 240-க்கு 320. ஜாவாப் பத்தியில் "இல்லை". கோப்பு அளவுப் பத்தியில் ஒரு கேள்விக்குறி. விசை எண் பத்தியில் ஒரு கோடு. ஐந்து பத்தியும் தீர்ந்துபோய்விட்டதால், நோட்டின் வலது ஓரத்தில் பென்சிலால் ஆறாவதாக ஒரு குறுகிய பத்தி போட்டு, தலைப்பு எழுதி, அதன்கீழ் 2.1 என்று குறித்திருக்கிறேன். தலைப்பு: பதிப்பு. இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்துகள் அடுத்த வரிக்கு இறங்கியிருக்கின்றன.